ஆறாம் ஆண்டுக்குப் பிறகு எந்தப் புத்தகம்?

கெடா மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. லயங்கள் இடிந்து, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும் பல பள்ளிகளின் பெயரில் தோட்டம் இருக்கிறது: ஹார்வர்ட் தோட்டம், பட்டாணி பாரா தோட்டம், ஹென்ரியட்டா தோட்டம். இங்கே ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளை தடங்கலின்றித் தமிழ் படிக்கும். ஒரு பக்கக் கதையைச் சொந்தமாக எழுதவும் செய்யும். அடுத்த ஆண்டு அதே பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் உட்காரும். அப்போது அதன் பையில் பாடநூலைத் தவிர வேறு எந்தத் தமிழ்ப் புத்தகம் இருக்க வேண்டும்?

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகள்தாம் கிடைக்கும். ஒன்று, நீதிக்கதைகள், தெனாலிராமன், பஞ்சதந்திரம். மற்றொன்று, ‘பொன்னியின் செல்வன்’. முதலாவதை அந்தப் பிள்ளை எட்டு வயதிலேயே படித்து முடித்துவிட்டது. இரண்டாவது ஐந்து பாகங்கள். எட்டு வயதுக்கும் ஐந்து பாகங்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. கெடாவில் தமிழ் வாசிப்பு அறுபடும் இடம் சரியாக அந்த நடுப்பகுதிதான்.

இதற்குப் பிள்ளைகளின் கைப்பேசியைக் குறை சொல்லி முடித்துவிடுகிறோம். பள்ளி ஏற்பாட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் இடைநிலைப்பள்ளியின் மலாய்மொழிப் பாடத்திலும் ஆங்கிலப் பாடத்திலும் இலக்கியக் கூறு சேர்க்கப்பட்டது. அதனால் பதின்ம வயதுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட நாவல்கள் வகுப்பறைக்குள் வந்தன. பிள்ளைக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, மலாயில் ஒரு முழு நாவலைப் படித்து, அதன் பாத்திரங்களைப் பற்றிப் பேசி, எழுதித்தான் ஆகவேண்டும். ஆங்கிலத்தில் மின்ஃபோங் ஹோவின் ‘சிங் டு தி டான்’ போன்ற நாவல்கள் வந்தன. கிராமத்துத் தாய்லாந்துச் சிறுமி ஒருத்தி நகரத்தில் படிக்க உதவித்தொகை வென்று, அதற்காகத் தன் தந்தையோடு போராடும் கதை அது. எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கதை. கெடாப் பிள்ளைக்கு அந்த வயலும் வெயிலும் புதியவை அல்ல.

தமிழுக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. பெற்றோர் கேட்டு, குறைந்தது 15 மாணவர் இருந்தால் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அந்த வகுப்பில் திருக்குறள், பழமொழி, மரபுத்தொடர், இலக்கணம் எல்லாம் உண்டு. முழு நாவல் என்று ஒன்றைக் கையில் எடுக்க எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தைத் தனிப்பாடமாக எடுக்க வேண்டும். அதை எடுப்பவர்கள் சிலரே. எடுத்த பிள்ளைகளுக்கும் பதினாறு வயதில், மதிப்பெண் பதற்றத்துக்கு நடுவில்தான் முதல் தமிழ் நாவல் அறிமுகமாகிறது. மு.வ.வின் ‘வாடா மலர்’ இப்படித்தான் பலருக்கு அறிமுகமானது. கதையைப் படிப்பதற்கு முன்பே கதைச்சுருக்கத்தையும் துணைக்கருவையும் மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்த நாவல் என்னவாக நினைவில் நிற்கும்?

ஆரம்பப் பள்ளியிலேயே பிரச்சினை தொடங்கிவிடுகிறது. 1990களின் இறுதியில் கல்வி அமைச்சு தொடங்கிய ‘நிலாம்’ வாசிப்புத் திட்டத்தில் மாணவர் படித்த நூல்களைப் பதிவு செய்ய வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் பதிவில் எண்ணிக்கைதான் பெரிதாகத் தெரியும். பன்னிரண்டு பக்கப் படக்கதையும் ஒன்றுதான், இருநூறு பக்க நாவலும் ஒன்றுதான். எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய பிள்ளை எதை எடுக்கும்? நூல்நிலையத்துக்கு வாங்கும்போதும் இதே கணக்குதான் வேலை செய்கிறது: ஒதுக்கிய பணத்துக்கு எத்தனை புத்தகம் வரும்? மெல்லிய, மலிவான, ஒரே அச்சில் வார்த்த நீதிக்கதைத் தொகுதிகள் அலமாரியை நிறைக்கின்றன. மிச்சம் இருந்தால் கட்டுரைப் பயிற்சி நூல்கள்.

நீதிக்கதைகளின் மீது கோபம் கொள்ள வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிங்கமும் முயலும் போதும். பாட்டி சொன்னால் இன்னும் நல்லது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் நிலைமை வேறு. தோழி பேசாமல் போனது, அப்பா குடித்துவிட்டு வருவது, கூலிம் தொழிற்சாலையில் இரவுவேலைக்குப் போகும் அம்மாவைப் பகலில் எழுப்பக்கூடாது என்பது, மலாய்ப் பள்ளியில் தன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பது, தன் உடம்பு மாறுவது என்று அவளுடைய நாள் நிறைந்திருக்கிறது. இவற்றில் ஒன்றையாவது தொடும் தமிழ்க் கதையை அவளிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவள் அதை வேறு மொழியில் தேடிக்கொள்வாள். ‘தமிழில் நமக்குப் புத்தகம் இல்லை’ என்ற முடிவுக்கும் வந்துவிடுவாள்.

முன்பு இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு. 1950களில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கி, மாணவருக்கென்று பக்கங்களை ஒதுக்கியது. சிங்கப்பூரில் அச்சான அந்த இதழ் மலாயாவின் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பெயரை அச்சில் பார்ப்பதற்காகவே எழுதத் தொடங்கிய பிள்ளைகள் பலர். மலேசிய, சிங்கப்பூர் இலக்கியத்தில் பின்னாளில் பெயர் பெற்ற ஒரு தலைமுறை அந்தப் பக்கங்களில் பயின்றது. அங்கே பிள்ளைகள் வாசகர்களாகவும் எழுதுபவர்களாகவும் இருந்தார்கள். இன்றைய நூல்தேர்வில் பிள்ளையின் குரலுக்கு அந்த இடம் இல்லை. வாங்குபவர் பெரியவர், பரிந்துரைப்பவர் பெரியவர், தடுப்பவரும் பெரியவர்.

தடுப்பதைப் பற்றிப் பேசும்போது லூனாஸைத் தவிர்க்க முடியாது. அந்த ஊரில் பிறந்த ம. நவீன் எழுதிய ‘பேய்ச்சி’ நாவல் 2019இல் வெளிவந்தது. லூனாஸைக் களமாகக் கொண்டு, 1981இல் அங்கே நிகழ்ந்த நச்சுச் சாராயச் சாவுகளைத் தொட்டுப் பேசும் நாவல் அது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் அதைத் தடை செய்தது. ஆபாசமும் ஒழுக்கக்கேடும் காரணமாகச் சொல்லப்பட்டன. பெரியவர்களுக்காக எழுதப்பட்ட நாவல் அது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இத்தகைய நூல்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ‘மாணவர் கையில் கிடைத்தால் என்னாவது?’ என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. மாணவருக்கென்று ஓர் அலமாரி இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு இவ்வளவு வலு இருந்திருக்காது. பதின்ம வயதுக்கான நூல் எது என்று வரையறுத்து வைக்காத சமூகத்தில் எல்லா நூலும் பிள்ளைகளின் நூலாகவே எடைபோடப்படும். எழுத்தாளருக்கும் அது கேடு. பிள்ளைக்கும் அதனால் ஒரு புத்தகம்கூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

இதில் நம் வீடுகளின் அளவுகோலையும் சோதித்துப் பார்க்க வேண்டும். சாண்டில்யனின் சரித்திர நாவல்களில் பெண்ணுடல் வருணனைக்குப் பஞ்சமில்லை. ‘சரித்திரம்’ என்ற பெயர் இருப்பதால் அவை தயக்கமின்றிப் பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. ரமணி சந்திரனின் காதல் நாவல்கள் அம்மாவின் தலையணைக்கு அருகிலிருந்து மகளின் கைக்கு மாறுகின்றன. இவற்றைப் பிடுங்க வேண்டும் என்பது பேச்சல்ல. படிக்கும் வேகமும் பக்கம் புரட்டும் வெறியும் இப்படித்தான் பலருக்கு வந்தன. ஆனால் இவற்றை அனுமதித்த வீடு, பள்ளி மாணவிக்கு நேரும் பாலியல் தொல்லையைப் பற்றிய புத்தகத்தைக் கண்டதும் பதறுகிறது என்றால் அந்தப் பதற்றம் யாரைக் காக்கிறது?

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ அத்தகைய புத்தகம். பெரியவர் ஒருவரின் தவறான தொடுதலால் தவிக்கும் பள்ளிச் சிறுமிக்கு ஒரு மரப்பாச்சிப் பொம்மை துணையாக வருகிறது. சொல்லக் கூடாததை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதைப் பயமுறுத்தாமல், பிள்ளையின் மொழியிலேயே அந்தக் கதை எடுத்துச் செல்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் அதற்குக் கிடைத்தது. பத்து வயதிலிருந்தே கொடுக்கலாம். தமிழ்ப்பள்ளியின் நன்னெறி ஆசிரியர் வகுப்பில் ஓர் அத்தியாயத்தை உரக்கப் படித்தால், எத்தனையோ அறிவுரைச் சொற்பொழிவுகள் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

வெளிநாட்டிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. 2023இல் ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களில் பருமனையும் தோற்றத்தையும் குறித்த சொற்களை அவற்றின் பதிப்பகம் திருத்தியது. பெரும் எதிர்ப்பு எழுந்ததும் பழைய வடிவத்தையும் தொடர்ந்து அச்சிடுவதாக அறிவித்தது. அங்கே வாதம் இருக்கிற ஆயிரம் புத்தகங்களைப் பற்றியது. இங்கே இல்லாத புத்தகங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கெடாவின் தோட்டத்துப் பிள்ளை வளர்ந்த கதையை மிக நன்றாகச் சொன்ன நாவலும் தமிழில் இல்லை. பீடோங்கில் 1942இல் பிறந்த கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ அது. இந்தியாவிலிருந்து வந்த பாட்டி, சலவைத் தொழில் செய்யும் தந்தை, தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறும் சிறுவன் ரவி, அவன் முன் விரியும் அயல்நாட்டுக் கதையுலகம் என்று நகரும் நாவல். ஒரு காலத்தில் மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் ஆங்கில இலக்கியக் கூறுக்குரிய நாவல்களில் ஒன்றாகவும் இருந்தது. பீடோங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் பேருந்தில் போய்வரும் இன்றைய பிள்ளை அதைப் படித்தால், தான் தினமும் கடக்கும் சாலையில் ஒரு நாவல் நடந்திருக்கிறது என்று அறியும். அதன் முடிவு கனமானது. படிவம் நான்குக்கு முன் வேண்டாம். லாட் வரைந்த ‘கம்போங் பாய்’ 1979 முதல் மலேசியாவின் எல்லா இனப் பிள்ளைகளையும் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மலாய்க் கம்பத்துச் சிறுவனின் ஆற்றுக் குளியலும் பள்ளிக்கூடமும் அத்தனை பேருக்கும் பிடித்துப்போகும் என்றால், லயத்து வாசலில் விளையாடிய பிள்ளையின் கதை ஏன் பிடிக்காது?

தமிழிலும் முயன்றவர்கள் இருக்கிறார்கள். சுங்கை பட்டாணியைச் சேர்ந்த ஆசிரியர் கே. பாலமுருகன் சிறுவர்களுக்காக மர்ம நாவல் வரிசை ஒன்றை எழுதினார். 2014இல் வந்த ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ அதில் முதலாவது. தலைப்பைப் பார்த்ததுமே அறிவுரை இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பத்து முதல் பதின்மூன்று வயது வரை வேண்டியது இந்தத் துள்ளல்தான்: குகை, இருட்டு, நண்பர் கூட்டம், அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்ற தவிப்பு. தமிழ்நாட்டில் வாண்டுமாமாவும், 1972 முதல் முத்து காமிக்ஸும் இரும்புக்கை மாயாவியும் செய்த வேலை இது. மர்மக்கதையை இலக்கியமாக மதிக்காத ஆசிரியர்கள் இதை ஓரமாக வைக்கிறார்கள். அது பெரிய தவறு. இந்த வயதில் தமிழில் இருநூறு பக்கம் ஓடிப் பழகாத கண், பதினாறு வயதில் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலுக்குள் நுழையவே முடியாது. அதே சுங்கை பட்டாணி வட்டாரத்து எழுத்தாளர் அவர். தோட்டத்துப் பேச்சையும் தோட்டத்து மனிதரையும் அழகுபடுத்தாமல் எழுதியவர்.

வரலாறு பக்கம் திரும்பினால் கெடாவுக்கு இருக்கும் செல்வம் வேறெந்தத் தமிழ் நிலத்துக்கும் எளிதில் வாய்க்காதது. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இந்த மண்தான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ ராஜேந்திரனின் கதை. சாண்டில்யனின் ‘கடல் புறா’ கடாரத்துக்கே வாசகரைக் கூட்டி வருகிறது. 2022, 2023இல் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படங்கள் வந்தபோது கல்கியின் அந்த நாவலைக் கையில் எடுத்த பதின்ம வயதினர் உண்டு. ஆர்வம் வந்துவிட்டால் பக்க எண்ணிக்கை ஒரு பொருட்டில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

ஆனால் அரண்மனை மட்டும் போதாது. ஜெராய் மலையடியில் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பீடோங்குக்கு அருகே சுங்கை பத்துவில் செம்பனைகளுக்கு நடுவே 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய பழைய உலைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. 2013இல் பள்ளத்தாக்கின் சண்டி (பழங்காலக் கோயில்) ஒன்று நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டு நாடெங்கும் கண்டனம் எழுந்தது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியை ஒரு சிறுவனின் கண்ணால் காட்டி, 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்காரைப் பெற்றது. சுங்கை பத்துவை அப்படிக் காட்டக்கூடிய எழுத்தாளர் இந்த மாநிலத்திலேயே இருக்கிறார். அந்த நாவல் வரும்வரை ‘ஆதனின் பொம்மை’யைப் படித்துவிட்டு மெர்போக்குக்குப் பள்ளிப் பேருந்தில் போகலாம், தொலைவு அதிகமில்லை.

இன்னொரு கரு 1946–47க்கு உரியது. ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தார்கள். போலீஸின் கெடுபிடி பீடோங்கில் உயிர்ச்சேதம் வரை போனது. அதற்குச் சற்று முன், ஜப்பானியர் காலத்தில், தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’, கெடாவைச் சேர்ந்த கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகியவை இதைச் சொல்கின்றன. சாவும் நோயும் நிறைந்த இந்த நாவல்களைப் பதினைந்து வயதில், கூடவே பேச ஒரு பெரியவர் இருக்கும்போது கொடுக்கலாம். ரயில் பாதைக்குப் போன பெரிய தாத்தாவின் பெயர் வீட்டுப் பேச்சில் வந்திருந்தால் பிள்ளை தானாகவே கேட்கும்.

தமிழ்நாட்டுப் புத்தகங்களின் வட்டாரப் பேச்சு மலேசியப் பிள்ளைக்குப் புரியாது என்றொரு தயக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. மதுரைப் பேச்சையும் கோவைப் பேச்சையும் திரைப்படத்தில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பேச்சு தடையாவதில்லை. சோர்வு தருவது வேறு: பொடி எழுத்து, நெருக்கிய வரிகள், வாக்கியத்துக்கு வாக்கியம் வடசொல் அடுக்கு. வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பிள்ளையைப் படிக்கச் சொன்னால் அது அங்கேயே தெரிந்துவிடும்.

பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டானியல் பென்னாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். படிக்காமலிருக்கும் உரிமையும், பக்கங்களைத் தாண்டிப்போகும் உரிமையும், பாதியில் நிறுத்தும் உரிமையும் அதில் முதல் மூன்று. நம் வீடுகளில் இவற்றை ஒழுங்கீனம் என்பார்கள். ‘காசு குடுத்து வாங்குனது, முடி’ என்ற ஒரு சொல்லால் நின்றுபோன வாசகர்கள் எத்தனை பேரோ! பிடிக்காத புத்தகத்தைக் கீழே வைக்க அனுமதி பெற்ற பிள்ளைதான் அடுத்த புத்தகத்தைத் துணிந்து எடுக்கும்.

பணம் ஒரு தடைதான். சென்னையிலிருந்து வரும் புத்தகம் ரிங்கிட்டில் வந்து சேரும்போது விலை கூடிவிடுகிறது; பெரிய தமிழ்ப் புத்தகக் கடைகள் கோலாலம்பூரில் இருக்கின்றன. ஆனால் சிறு பிள்ளைகளின் அளவில் வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு. வயதைப் பார்க்காமல் வாசிப்புத் திறனைப் பார்த்து நான்கு நிலைகளாக அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. பள்ளியின் அச்சுப்பொறியே போதும். அப்படி மிச்சமாகும் நூல்நிலையப் பணத்தைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான நாவல்களுக்குத் திருப்பலாம். ஒரு நல்ல நாவலில் ஐந்து பிரதிகள் வாங்குவது, ஐந்து வேறு நீதிக்கதைத் தொகுதிகள் வாங்குவதைவிடப் பயனுள்ளது. ஐந்து பேர் ஒரே வாரத்தில் ஒரே கதையைப் படித்தால் இடைவேளையில் அதைப் பற்றிப் பேச்சு வரும்.

ஆறாம் ஆண்டு மாணவருக்கான பரிசளிப்பு விழாவில் கிண்ணங்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதற்கு ஒதுக்கலாம்: விடைபெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாவல். எது என்பதைப் பிள்ளையே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே பத்துப் புத்தகங்களை வகுப்பில் பரப்பிவைத்து, புரட்ட விட வேண்டும். படிவம் இரண்டிலோ மூன்றிலோ படிக்கும் முன்னாள் மாணவர் இருவரை அழைத்து, தாங்கள் படித்ததைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லலாம். பிடித்த புத்தகத்தோடு, பாதியில் நிறுத்திய புத்தகத்தையும் ஏன் நிறுத்தினோம் என்பதையும் அவர்கள் சொல்லட்டும். ஆசிரியர்கள் அப்போது பின்வரிசையில் உட்கார்ந்து அந்தக் காரணங்களைக் குறித்துக்கொண்டால், அடுத்த ஆண்டு வாங்கவேண்டிய பட்டியலில் பாதி அங்கேயே தயாராகிவிடும்.